ஒரே ஆலயத்தில் இரு தரப்பினர்: நாகாலாந்தின் போர்க்காலத்தில் பாப்டிஸ்ட் சபைகள் செய்தது என்ன?

1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி நாகாலாந்து மலைகளில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. இந்தியப் பாதுகாப்புப் படைகளுக்கும் நாகா போராளிகளுக்கும் இடையே எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த சண்டை அன்று முறைப்படி நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கான அழைப்பு தில்லியிலிருந்து வரவில்லை. காட்டுக்குள் இருந்த போராளிகளின் முகாமிலிருந்தும் வரவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில் வோக்கா நகரில் கூடிய பாப்டிஸ்ட் திருச்சபைகளின் மாநாட்டிலிருந்து எழுந்தது.

படையோ ஆட்சியதிகாரமோ இல்லாத போதகர்கள், ஆயுதம் ஏந்திய இரு தரப்பினரையும் ஒரே மேசைக்கு எவ்வாறு அழைத்து வர முடிந்தது? அந்த அமைதி ஏன் நிலைக்கவில்லை? பின்னாளில் அதே சபையினர் மீது ஏன் ஐயமும் பழியும் விழுந்தன? இக்கேள்விகளுக்கான விடை பெரிதும் ஒரே உண்மையில் அடங்கியுள்ளது. போரிட்ட நாகர்களும், அவர்களுடன் உடன்படாத நாகர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஆலயத்தின் உறுப்பினர்களாக இருந்தனர். சபையின் வலிமை அதுவே. அதன் இக்கட்டும் அதுவே.

போர் எவ்வாறு மூண்டது?

நாகர்கள் ஒரே மொழி பேசும் ஒரே இனக்குழுவினர் அல்லர். அங்காமி, ஆவோ, சேமா, லோத்தா, கோன்யாக் எனப் பல பழங்குடிகள், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத தனித்தனி மொழிகளுடன் மலைமுகடுகளில் வாழ்ந்து வந்தனர். அவர்களை ஓர் அரசியல் அமைப்பின்கீழ்த் திரட்ட முயன்றது நாகா தேசிய கவுன்சில். இந்தியா விடுதலை பெறுவதற்கு முந்தைய நாளான 1947 ஆகஸ்ட் 14 அன்று நாகர்கள் தனி நாட்டினர் என்று அது அறிவித்தது. அங்காமி ஃபிசோவின் தலைமையில் 1951-இல் தானே ஒரு பொதுவாக்கெடுப்பை நடத்தியது. 1952-இல் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலை நாகர்கள் புறக்கணித்தனர்.

1956 மார்ச் மாதத்தில் போராளிகள் 'நாகாலாந்து கூட்டாட்சி அரசு' என்ற பெயரில் தனி அரசை அறிவித்தனர். ராணுவம் மலைகளுக்குள் அனுப்பப்பட்டது. 1958-இல் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுவதும் இன்றுவரை விவாதிக்கப்படும் அச்சட்டம் நாகா மலைகளின் நிலைமையை முன்னிட்டே பிறந்தது.

அது தில்லிக்கும் நாகர்களுக்கும் இடையிலான மோதலாக மட்டும் இருக்கவில்லை. வன்முறை வேண்டாம் என்று வாதிட்ட நாகா தேசிய கவுன்சிலின் பொதுச் செயலர் டி. சக்ரி 1956 ஜனவரியில் கொல்லப்பட்டார். 1957-இல் கோஹிமாவில் கூடிய நாகா மக்கள் மாநாடு, இந்தியாவுக்குள் தனி மாநிலம் என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, 1960 ஜூலையில் மத்திய அரசுடன் 16 அம்ச உடன்பாட்டை எட்டியது. அம்மாநாட்டின் தலைவர் டாக்டர் இம்கோங்லிபா ஆவோ 1961 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலமாக உதயமானபோது, நாகர்கள் தமக்குள்ளேயே இரு முகாம்களாகப் பிரிந்திருந்தனர். ஒரு வீட்டில் அண்ணன் அரசு அலுவலராகவும் தம்பி காட்டில் போராளியாகவும் இருக்கும் நிலை அக்காலத்தில் அரிதன்று.

பாப்டிஸ்ட் சபையின் அமைப்பு எத்தகையது?

கிறிஸ்தவத்தின் சீர்திருத்தத் திருச்சபைப் பிரிவுகளுள் ஒன்று பாப்டிஸ்ட். அதன் இரு பண்புகள் இங்கு முக்கியமானவை. முதலாவது, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதில்லை. தாமே நம்பிக்கையை அறிக்கையிடும் வயதை அடைந்தவர்களுக்கே அளிக்கப்படும். இரண்டாவது, ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னாட்சி உடையது. போதகரை மேலிடத்திலிருந்து எந்தப் பேராயரும் நியமிப்பதில்லை. சபையின் உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுக்கின்றனர், அவரது ஊதியத்தையும் அவர்களே வழங்குகின்றனர்.

நாகா மலைகளில் இச்சபை வேரூன்றிய கதை 1872-இல் தொடங்குகிறது. அசாமியரான கோதுலா என்ற ஊழியரும், அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியரான எட்வர்ட் வின்டர் கிளார்க்கும் ஆவோ பகுதியிலுள்ள மொலுங்கிமோங் என்னும் ஊரில் முதல் சபையை நிறுவினர். ஆயுதம் ஏந்திய காவலின்றி மலையேறியவர் என்று கோதுலா இன்றும் நினைவுகூரப்படுகிறார். அதன்பின் பழங்குடி மொழிகளுக்கு எழுத்துவடிவம் கிடைத்தது, பள்ளிகள் எழுந்தன. 1937-இல் பல்வேறு பழங்குடிகளின் சபைகளை இணைக்கும் மன்றம் உருவானது. அதுவே பின்னர் நாகாலாந்து பாப்டிஸ்ட் சபை மன்றம் எனப் பெயர் பெற்றது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாகாலாந்து மக்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பாப்டிஸ்ட் சபையினர். 1950-களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்க ஊழியர்கள் நாகா மலைகளைவிட்டு வெளியேறிவிட்டனர். எனவே போர் உச்சத்தை எட்டியபோது சபைகளை வழிநடத்தியவர்கள் முழுக்க முழுக்க உள்ளூர் நாகா போதகர்களே.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் நேர்ந்தது

நாகர்களுக்குத் தங்கள் சமயத்தை அறிமுகம் செய்த அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினர், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தம் சொந்த நாட்டில் ஓர் உள்நாட்டுப் போரைக் கடந்து வந்திருந்தனர். கிளார்க் அசாம் வந்து சேர்ந்தது 1869-இல். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-இல்.

அங்கே சபையால் நடுவராக நிற்க இயலவில்லை. காரணம், போருக்கு முன்பே அது பிளந்துவிட்டது. அடிமைகளை உடைமையாக வைத்திருப்பவர் சமய ஊழியராக நியமிக்கப்படலாமா என்ற வினா முற்றி, 1845 மே மாதம் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் தென்மாநிலச் சபைகள் தனியாகப் பிரிந்து தென் பாப்டிஸ்ட் மாநாட்டை அமைத்துக் கொண்டன. 1861-இல் போர் மூண்டபோது வடக்கின் போதகர்கள் ஒன்றிய அரசுக்காகவும், தெற்கின் போதகர்கள் பிரிந்து சென்ற மாநிலங்களுக்காகவும் ஜெபித்தனர். இரு படைகளிலும் பாப்டிஸ்ட் போதகர்கள் படைக்குருக்களாகப் பணியாற்றினர்.

ஆயினும் அப்போரிலும் போதகர்கள் மக்களின் குரலாக ஒலித்த ஒரு தருணம் உண்டு. 1865 ஜனவரி 12 அன்று, ஒன்றியப் படை கைப்பற்றியிருந்த சவானா நகரில் தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் கறுப்பின மக்களின் சமயத் தலைவர்கள் 20 பேரைச் சந்தித்தனர். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர் என்ற 67 வயது பாப்டிஸ்ட் போதகர். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு தம்மையும் மனைவியையும் 1,000 டாலர் கொடுத்து அடிமைத்தளையிலிருந்து மீட்டுக் கொண்டவர் அவர். விடுதலை பெற்ற மக்களுக்குத் தேவை என்ன என்ற கேள்விக்கு, தாங்களே உழுது வாழ நிலம் வேண்டும் என்று அவர் விடையளித்தார். நான்கு நாட்களில் ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை நிலம் ஒதுக்கும் ஆணையை ஷெர்மன் பிறப்பித்தார். அதே ஆண்டில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களில் பெரும்பகுதியைப் பழைய உரிமையாளர்களுக்கே திருப்பியளித்தார்.

அரசியல் உரிமை ஏதும் இல்லாத மக்களுக்குத் தாங்களே தேர்ந்தெடுத்த தலைவர் என்று சொல்லிக்கொள்ள அன்று இருந்தவர் பெரும்பாலும் போதகர் ஒருவரே. நூறு ஆண்டுகள் கழித்து நாகா மலைகளிலும் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது: நாகா சபை மன்றம் அரசியலின் பெயரால் இரண்டாகப் பிளவுபடவில்லை.

ஊர்ப் போதகரின் இக்கட்டு

1950-களின் நடுப்பகுதியில் தொடங்கிய ராணுவ நடவடிக்கைகளின்போது நாகா மலைகளில் ஊர்களும் நெற்களஞ்சியங்களும் எரிந்தன. போராளிகளுக்கு உணவும் புகலிடமும் கிடைப்பதைத் தடுக்க, சில பகுதிகளில் பல ஊர்களின் மக்கள் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். வேறு பலர் காடுகளுக்குள் தஞ்சம் புகுந்தனர்.

இதன் விளைவை அறிய மலைவாழ் வேளாண்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். நாகர்களில் பலர் 'ஜூம்' எனப்படும் இடம்மாற்றுச் சாகுபடியைச் செய்பவர்கள். அவர்களது வயல்கள் ஊரைவிட்டுத் தொலைவில், மலைச்சரிவுகளில் இருக்கும். ஊரைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டாலோ, வழியில் துப்பாக்கிச் சண்டை நடந்தாலோ, அந்த ஆண்டு விளைச்சல் இல்லை. விதைக்கும் பருவம் தவறினால் அடுத்த ஆண்டும் பசிதான்.

இந்நிலையில் ஊர்மக்கள் இருபுறமும் நெருக்கப்பட்டனர். போராளிகள் வரியும் அரிசியும் கேட்டனர், கொடுக்காவிட்டால் தண்டனை. கொடுத்தால் போராளிகளுக்கு உதவியதாகப் பாதுகாப்புப் படையினரின் ஐயத்துக்கு ஆளாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த சிலருள் ஒருவர் என்பதால் ஊருக்காக மனு எழுதும் பொறுப்பு போதகர் மீது விழுந்தது. காட்டுக்குச் சென்ற மகனுக்காகவும், அரசுப் பணியில் உயிரிழந்த மகனுக்காகவும் ஜெபிக்க வேண்டியவரும் அவரே. ஊதியம் தருவது சபை. அந்தச் சபையில் இரு தரப்புக் குடும்பங்களும் இருந்தன. ஒரு பக்கம் சாய்ந்தால் சபையின் பாதியை அவர் இழப்பார். சாயாமல் நின்றால் இரு தரப்பின் ஐயத்துக்கும் இலக்காவார்.

போராளிகளின் தலைவர்களும் அதே சமயத்தவர்களே. தங்கள் போராட்டத்தைச் சமய நம்பிக்கையைக் காக்கும் போராட்டமாகவும் அவர்கள் முன்வைத்தனர். ஆகவே 'கொலை கூடாது' என்ற போதகரின் சொல், காட்டிலிருந்தவர்களுக்கு எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாத சொல்லாக இருந்தது. கொல்லப்பட்ட சக்ரியும் இம்கோங்லிபாவும் கொன்றவர்களும் ஒரே விவிலியத்தை வாசித்தவர்கள் என்பதை எவரும் மறக்க இயலவில்லை.

வோக்காவில் எடுக்கப்பட்ட முடிவு

1964 ஜனவரி இறுதியில் நாகாலாந்து பாப்டிஸ்ட் சபை மன்றத்தின் மாநாடு வோக்காவில் தொடங்கியது. பல பழங்குடிகளையும் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் அதில் பங்கேற்றனர். மாநிலம் பிறந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. தனி மாநிலம் அமைந்தால் சண்டை ஓயும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது.

இரு தரப்பினரிடமும் பேசுவதற்கு ஓர் அமைதித் தூதுக்குழுவை அமைக்க வேண்டும் என்று மாநாடு தீர்மானித்தது. அதன்படி அமைந்த குழுவில் மூவர் இடம்பெற்றனர். ஒருவர் சர்வோதயத் தலைவர் ஜெயபிரகாஷ் நாராயண். மற்றொருவர் அன்றைய அசாம் முதலமைச்சர் பிமலா பிரசாத் சாலிஹா. மூன்றாமவர் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிராகப் போராடிய ஆங்கிலிக்கன் குரு மைக்கேல் ஸ்காட். ஃபிசோ 1960-இல் லண்டன் சென்றடைய உதவியவரும் அவரே.

இத்தேர்வு கவனத்துக்குரியது. மூவரில் எவரும் பாப்டிஸ்ட் அல்லர். ஒருவர் நாடு முழுவதும் மதிக்கப்பட்ட காந்தியவாதி. ஒருவர் ஆளும் காங்கிரஸ் கட்சியைச் சேர்ந்த முதலமைச்சர். ஒருவர் போராளிகளின் நம்பிக்கைக்குரிய வெளிநாட்டவர். தாங்களே நடுவராக அமராமல், ஒவ்வொரு தரப்பும் நம்பக்கூடிய ஒருவரை அழைத்து வந்ததே சபைத் தலைவர்களின் பங்கு. அழைப்பு விடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அருள்திரு லாங்ரி ஆவோ, கென்னத் கெர்ஹுவோ முதலியோர் இரு முகாம்களுக்கும் இடையே தொடர்பாளர்களாக இயங்கினர்.

உடன்பாடு சொன்னது என்ன?

1964 மே 23 அன்று சக்ரபா என்னும் ஊரில் போராளிகள் தரப்பினர் சண்டை நிறுத்த வரைவில் கையொப்பமிட்டனர். நான்கு நாட்களில் பிரதமர் நேரு காலமானார். பேச்சு அத்துடன் முறிந்துவிடவில்லை. லால் பகதூர் சாஸ்திரியின் அரசு அதைத் தொடர்ந்தது. செப்டம்பர் 6 முதல் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது.

அதன் விதிகள் ஊர்மக்களின் அன்றாட வாழ்வை நேரடியாகத் தொட்டன. பாதுகாப்புப் படையினர் காடுகளில் தேடுதல் வேட்டை நடத்துவதையும், போராளிகளின் முகாம்களைத் தாக்குவதையும், ஊர்களைச் சோதனையிடுவதையும், வான்வழி நடவடிக்கைகளையும் நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டனர். தங்கள் நிலைகளிலிருந்து 1,000 கஜத்துக்கு, அதாவது ஏறத்தாழ 900 மீட்டருக்கு அப்பால் ரோந்து செல்வதில்லை என்றும் இசைந்தனர். போராளிகள் மறைந்திருந்து சுடுவதையும், ஆள்கடத்தலையும், அபராதம் விதிப்பதையும், நாசவேலைகளையும் கைவிட ஒப்புக்கொண்டனர். ஊர்களிலும் நகரங்களிலும் ஆயுதத்துடனோ சீருடையிலோ நடமாடுவதில்லை என்றும் உறுதியளித்தனர்.

இதன் பயனை அளக்க அரசியல் கலைச்சொற்கள் தேவையில்லை. மக்கள் காலையில் வயலுக்குச் சென்று மாலையில் வீடு திரும்ப முடிந்தது. கோஹிமாவுக்கு அருகிலுள்ள செதேமா ஊரில் செப்டம்பர் 23 அன்று பேச்சுவார்த்தை தொடங்கியது. டிசம்பரில் அமைதித் தூதுக்குழு தன் முன்மொழிவுகளை வெளியிட்டது. நாகர்கள் தங்கள் சொந்த விருப்பத்தின்பேரில் இந்திய ஒன்றியத்தில் பங்கேற்க முடிவெடுக்கலாம். இந்திய அரசும் தன் உறவின் வடிவத்தை அதற்கேற்பத் திருத்தியமைக்கலாம் என்பது அதன் சாரம். இரு தரப்பும் அதைத் தத்தம் வழியில் பொருள் கொண்டன.

கோவையிலிருந்து சென்றவர்

சண்டை நிறுத்தத்தை அறிவிப்பதைவிடக் கண்காணிப்பது கடினம். யார் முதலில் மீறினார் என்ற தகராறு ஒன்றே உடன்பாட்டைக் குலைக்கப் போதுமானது. அதற்காக அமைதிப் பார்வையாளர்கள் நியமிக்கப்பட்டனர்; நாகாலாந்து அமைதி மையமும் செயல்பட்டது. அம்மையத்தை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த காந்தியவாதியான டாக்டர் எம். அறம்.

பாப்டிஸ்ட் போதகர்களும் தமிழ்நாட்டின் சர்வோதய ஊழியரும் இணைந்து பணியாற்றியது அக்காலகட்டத்தின் தனிச்சிறப்பு. 1964 முதல் 1972 வரையிலான எட்டு ஆண்டுகளின் வரலாற்றை அறம் பின்னர் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அதன்பின் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். கோவையில் சாந்தி ஆசிரமத்தை நிறுவியவரும் அவரே.

அமைதி எங்கே சறுக்கியது?

சண்டை நின்றது, பூசல் தீரவில்லை. 1966 பிப்ரவரியில் ஜெயபிரகாஷ் நாராயண் தூதுக்குழுவிலிருந்து விலகினார். அதே ஆண்டில் அசாமில் ரயில்களில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளைத் தொடர்ந்து சாலிஹாவும் விலகினார். மே மாதத்தில் மைக்கேல் ஸ்காட் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சபை முன்னின்று அமைத்த தூதுக்குழு இரண்டே ஆண்டுகளில் கலைந்தது. பிரதமர் இந்திரா காந்தியுடன் போராளிகளின் பிரதிநிதிகள் 1966-67-இல் ஆறு சுற்றுகள் நேரடியாகப் பேசியும் முடிவு எட்டப்படவில்லை.

தூதுக்குழு கலைந்தபின்னும் சண்டை நிறுத்தம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தது. 1972 ஆகஸ்ட் 8 அன்று முதலமைச்சர் ஹோகிஷே சேமாவைக் கொல்ல முயற்சி நடந்தது. அதையடுத்து நாகா தேசிய கவுன்சிலும் அதன் அரசும் படையும் தடைசெய்யப்பட்டன. செப்டம்பர் முதல் தேதியுடன் சண்டை நிறுத்தம் முடிவுக்கு வந்தது. அதற்கு இரண்டரை மாதங்களுக்குப் பின், நாகாலாந்தில் கிறிஸ்தவம் வேரூன்றிய நூற்றாண்டையொட்டி அமெரிக்க பாப்டிஸ்ட் நற்செய்தியாளர் பில்லி கிரஹாம் கோஹிமா வந்தார். சுமார் ஒரு லட்சம் பேர் அக்கூட்டங்களில் திரண்டதாகக் கூறப்படுகிறது. மீண்டும் போர் சூழ்ந்த மலைகளில், மக்கள் அச்சமின்றிப் பெருந்திரளாகக் கூடுவதற்கு இருந்த இடம் சபையே.

1975 நவம்பர் 11 அன்று, நெருக்கடிநிலைக் காலத்தில், ஷில்லாங் உடன்பாடு கையெழுத்தானது. தலைமறைவு அமைப்புகளின் பிரதிநிதிகள் இந்திய அரசமைப்பைத் தம் சொந்த விருப்பத்தின்பேரில் ஏற்பதாகவும், ஆயுதங்களை ஒப்படைப்பதாகவும் அதில் இசைந்தனர். பேச்சுக்கு வழிவகுத்த தொடர்புக் குழுவில் நாகாலாந்து அமைதி மன்றத்தைச் சேர்ந்த ஐவர் இருந்தனர். லாங்ரி ஆவோ, கென்னத் கெர்ஹுவோ, எம். அறம் ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.

லண்டனில் இருந்த ஃபிசோ அவ்வுடன்பாட்டை ஏற்பதாகவும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. போராளிகளுள் ஒரு பகுதியினர் அதைச் சரணாகதி என்று கண்டித்தனர். நெருக்கடிநிலையின் அழுத்தத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்குச் சமயத் தலைவர்கள் துணைபோய்விட்டனர் என்ற விமர்சனம் எழுந்தது. ஆயுதங்களை மௌனமாக்கப் பாடுபட்டவர்கள் ஒரு தரப்பின் ஆட்களாகப் பார்க்கப்பட்டனர். நடுவில் நிற்பவரின் மதிப்பு, இரு தரப்பும் அவரை நடுவில் நிற்பவராகக் காணும்வரைதான் என்ற பாடத்தை நாகாலாந்து சபை அன்று கற்றது.

உடன்பிறந்தோர் சண்டை

ஷில்லாங் உடன்பாட்டை எதிர்த்த ஐசக் சிஷி ஸ்வு, முய்வா, கப்லாங் ஆகியோர் 1980-இல் நாகாலாந்து தேசிய சோஷலிஸ்ட் கவுன்சிலைத் தொடங்கினர். 'நாகாலாந்து கிறிஸ்துவுக்கே' என்பது அதன் முழக்கம். 1988-இல் அவ்வமைப்பும் இரண்டாக உடைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் போட்டிக் குழுக்களின் மோதல்களில் நாகர்கள் கையால் நாகர்கள் மடிந்தனர். 1997 ஆகஸ்ட் முதல் ஐசக்-முய்வா பிரிவுக்கும் மத்திய அரசுக்கும் இடையே சண்டை நிறுத்தம் நடைமுறைக்கு வந்த பின்னரும் அம்மோதல் ஓயவில்லை.

சபையின் கேள்வி இப்போது மாறியது. தில்லிக்கும் நாகர்களுக்கும் இடையே தூது செல்வதற்கு முன்னர், நாகர்களுக்கு இடையே நல்லிணக்கம் வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 2008 பிப்ரவரியில் திமாப்பூரில் கூடிய அமைதி மாநாட்டைத் தொடர்ந்து 'நாகர் நல்லிணக்க மன்றம்' உருவானது. அதன் ஒருங்கிணைப்பாளர் பாப்டிஸ்ட் இறையியல் கல்வியாளரான அருள்திரு வாத்தி ஐயர். சபைகளுடன் பழங்குடி அமைப்புகளும் பொதுச் சமூக அமைப்புகளும் அதில் இணைந்தன.

போட்டிக் குழுக்களின் தலைவர்கள் நாகாலாந்தில் சந்திப்பது ஆபத்தாக இருந்தது. ஆகவே தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் சந்திப்புகள் நடத்தப்பட்டன. குவேக்கர்களும் அமெரிக்க பாப்டிஸ்ட் சபையினரும் அதற்கு உதவினர். 2009 ஜூன் 13 அன்று ஐசக் சிஷி ஸ்வு, கப்லாங், நாகா தேசிய கவுன்சில் வழிவந்த பிரிவின் சிங்யா ஆகியோர் நல்லிணக்க உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதன்பின் குழுக்களுக்கு இடையிலான கொலைகள் கணிசமாகக் குறைந்தன.

இன்றைய நிலை

2015 ஆகஸ்ட் 3 அன்று ஐசக்-முய்வா பிரிவுடன் மத்திய அரசு கட்டமைப்பு உடன்பாட்டில் கையொப்பமிட்டது. 2017-இல் வேறு நாகா குழுக்களுடன் தனியே ஓர் இசைவு எட்டப்பட்டது. தனிக் கொடி, தனி அரசமைப்பு ஆகிய கோரிக்கைகளில் சிக்கல் நீடிப்பதால் இறுதித் தீர்வு இன்னும் எட்டப்படவில்லை.

1845-இல் பிளவுற்ற அமெரிக்கச் சபையால் 1861-இல் இரு படைகளுக்கும் குருக்களை அனுப்ப மட்டுமே முடிந்தது. பிளவுபடாமல் நின்ற நாகா சபையால் 1964-இல் இரு தரப்பையும் செதேமாவுக்கு அழைத்து வர முடிந்தது. தீர்வைத் தருவது அதன் கையில் இல்லை. அது தில்லியிலும் போராளித் தலைமையிலும் இருந்தது. சபையால் பெற்றுத் தர முடிந்தது கால அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில்தான் நாகா மலைகளின் உழவர்கள் எட்டு ஆண்டுகள் விதைத்தனர்; எட்டு ஆண்டுகள் அறுத்தனர்.